ஏழு பாஷை லாய்டும் ஒரு வாடியும்

"தெரியாதுன்ற வார்த்த இருக்குதே, அத்த நான் எந்த பாஷையிலயும் கத்துக்கல. ஏழு பாஷை பேசறேன். ஏழுலயும் அது ஒண்ணு மட்டும் என் வாயில வந்ததில்ல. வரப்போறதும் இல்ல."

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில் பங்காருபேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது இந்தப் பிரகடனம் வெளியானது. வெளியிட்டவர் ஆண்டர்சன்பேட்டை லாய்ட். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மீசைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் சொல்லப்படவில்லை. பிரகடனத்தைக் கேட்டவர்கள், ஜன்னலோரம் அவரும் மற்ற இடங்களில் மற்றவர்களுமாகப் பல வருடங்களாக அதே பெட்டியில் வேலைக்குப் போய்வரும் கோலார் தங்கவயல்காரர்கள். அவர்களில் ராஜேந்திரன் என்பவர் மட்டும் வரலாற்றுப் பதிவுக்காக ஒரு திருத்தம் சொன்னார்.

"வாஸ்தவம்தாண்ணே. போன வாரம் ஒரு ஒடியாக்காரப் பையன் ஒயிட்ஃபீல்டு வந்துச்சான்னு உன்னக் கேட்டான். வந்துச்சுன்னு சொல்லி மாலூர்ல எறக்கி வுட்ட. இன்னிக்கும் அவன் மாலூர்லதான் நிக்கிறானாம்."

"மாலூர்ல காத்து நல்லாருக்கும். அவனுக்கு நல்லதுதான்" என்றார் லாய்ட். பெட்டி சிரித்தது. லாய்டும் சிரித்தார். ஆனால் தெரியாது என்று சொல்லவில்லை.

இந்தக் கொள்கை அவருக்குச் சுரங்கக் கம்பெனியின் டைம் ஆபீசில் பிறந்தது. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து தரைக்குக் கீழே இறங்கியவர். அப்பாவும் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறி, ஷிப்ட் ஷிப்டாகக் கீழேயே போய்க்கொண்டிருந்தவர். லாய்ட் அந்த வம்சத்தில் முதன்முதலாகத் தரைமட்டத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவர். யார் எந்த லெவலுக்கு இறங்கினார்கள், யார் மேலே வந்தார்கள் என்று கம்பிவலைக்குப் பின்னாலிருந்து குறித்துக்கொள்வது அவர் உத்தியோகம். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் பதில். தெரியாது என்று சொல்கிற குமாஸ்தாவை எவனும் ஒரு முறைக்கு மேல் 'சார்' என்று கூப்பிடுவதில்லை என்பதை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார். பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் நின்றது, சம்பளம் நின்றது, லாய்டின் பதில்கள் மட்டும் நிற்கவில்லை. அவற்றை அவர் ரயிலேற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன்வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்வது இப்போதைய வேலை. பாதிப் பேருக்குச் சரியான வழியே சொன்னார் என்பதை நியாயமாக இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இந்தியையும் உருதுவையும் தனித்தனியாக எண்ணுவதால்தான் பாஷை ஏழு ஆகிறது என்பதையும் குறிப்பிடலாம், ஆனால் அது அற்பத்தனம்.

அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஷில்பா என்ற பெண், கார்த்திகை மாதக் கடைசியில் ஒருநாள் அவர் மேஜை முன்னால் வந்து நின்றாள். மங்களூர்ப் பக்கத்துப் பெண். அவர்கள் பேச்சு கன்னடத்தில் ஏறி ஆங்கிலத்தில் இறங்கும்.

"அங்கிள், உங்களுக்குத் தமிழ் நல்லா வருமா?"

"நான் வந்ததே அதுலதாம்மா."

"இலங்கைத் தமிழ்?"

"தமிழ்ல அந்தத் தமிழ், இந்தத் தமிழ்னு ரெண்டு கிடையாது மேடம். தமிழ் தமிழ்தான்."

ஷில்பா விவரம் சொன்னாள். அவள் ஒரு சர்ஃப் குழுவில் இருக்கிறாளாம். இலங்கையின் கிழக்குக் கரையில் புயல் அடித்து, புன்னைமுனை என்ற மீனவ ஊரைக் கடல் வழித்துக்கொண்டு போய்விட்டதாம். குழு அந்த ஊருக்கு உதவப்போகிறதாம். ஆனால் அங்கே இருந்த ஆங்கிலம் தெரிந்த ஆட்களையெல்லாம் பெரிய பெரிய நிவாரண நிறுவனங்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. ஊர்ப் பெரியவர் கையில் ஒரு போன் இருக்கிறது, தமிழ் மட்டும் பேசுகிறார். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும்.

லாய்ட் அங்கேயே சம்மதித்தார். சர்ஃப் குழு என்றால் என்ன என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்பதாவது.

"சோப்புத் தூள் கம்பெனி" என்று வீட்டில் மனைவி பியூலாவிடம் சொன்னார். "புயல் அடிச்ச ஊருக்கு தர்மம் பண்றாங்க."

"அப்ப நமக்கு ரெண்டு பாக்கெட்டு கேக்கறதுதானே?"

"பெரிய கம்பெனி. கேட்டா அசிங்கம்."

இரண்டு நாள் கழித்து ஷில்பா தன் போனில் ஒரு படம் காட்டினாள். வீடு உயரத்துக்கு ஓர் அலை, அதன் முதுகில் ஒரு பலகை, பலகைமேல் ஷில்பா. அலைமேல் சறுக்குகிற விளையாட்டுக்குத்தான் சர்ஃப் என்று பெயர் என்பது லாய்டுக்கு விளங்கியது. ஆதியிலிருந்தே அறிந்தவர்போல் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, "தூள் இல்ல, பலக" என்றார்.

"பலக மேல துவைக்கிறாங்களா? எங்க?"

"கடல்ல."

"உப்புத் தண்ணில துவைச்சா வெளுக்குமா இன்னா?" என்று பியூலா நெடுநேரம் யோசித்தாள்.

இந்தப் பலகைக்காரர்கள் விசித்திரமான பிறவிகள். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், விடுமுறை வந்தால் கடலைத் தேடி ஓடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தத் தீவின் அலைகளில் விளையாடி, அந்தக் கரை ஜனங்களின் தேநீரைக் குடித்து, அவர்கள் குடிசையில் பலகையைச் சாத்திவைத்தவர்கள். அலை விளையாட்டுக் காட்டியபோது வாங்கிக்கொண்டோம், அடித்தபோது ஓடிப்போவது அழகல்ல என்று மங்களூர், கேரளம், ஆஸ்திரேலியா என்று பல கரைகளிலும் இருந்த பலகைக்காரர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உதவினார்கள். கடலையே பார்த்திராத லாய்டுக்கு இது நியாயமாகப் பட்டது.

முதல் போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்தபின். வீட்டு முன்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்பதால் லாய்ட் ஸ்டூலை அங்கே போட்டு, வெள்ளைச் சட்டை மாற்றாமல் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஷில்பா. மறுபக்கம் புன்னைமுனை மீனவர்களின் பெரியவர் கணபதிப்பிள்ளை. இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"தம்பி, நான் கதைக்கிறது விளங்குதோ?"

"விளங்குது விளங்குது. சொல்லுங்க ஐயா."

"எங்கட வாடி எல்லாம் போயிட்டுது தம்பி. கடல் வந்து அள்ளிக்கொண்டு போயிட்டுது. ஒண்டுகூட மிஞ்சேல்ல."

வாடி. லாய்ட் ஒரு கணம் நிதானித்தார். ஆண்டர்சன்பேட்டையில் அந்தச் சொல்லை ஆண்பிள்ளை ஒருவன் இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளைப் பார்த்துத்தான் சொல்வான். ராஜேந்திரன் தன் சம்சாரத்தை அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுதான் அந்த அம்மாள் பெயர் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது போலிருக்கிறது. தும்மலுக்கு ஆகிற நேரத்தில் ஆராய்ச்சி முடிந்தது.

"மேடம்," என்றார் தாழ்ந்த குரலில், "அவங்க மனைவிங்க. எல்லாரையும் கடல் கொண்டுபோயிடுச்சாம்."

ஷில்பா "ஐயோ" என்றாள். பிறகு, "எத்தனை பேர் அங்கிள்?"

"ஐயா, எத்தன வாடி?"

"ஊருக்குப் பத்துப் பதினஞ்சு இருந்திருக்கும். எனக்கே ரெண்டு. ஒண்டு பழசு."

"பத்துப் பதினஞ்சு மேடம். இவருக்கே ரெண்டு. ஒண்ணு… கொஞ்சம் வயசானது."

"ரெண்டா? அங்கே அப்படி வழக்கமா?"

வழக்கமா என்பது லாய்டுக்கு எப்படித் தெரியும்? "கடற்கரைல அப்படித்தான் மேடம். கல்ச்சர்."

"பழச மச்சானுக்குக் குடுத்திட்டன்" என்று கணபதிப்பிள்ளை தொடர்ந்தார். "போன வருசந்தான் புதுசு போட்டனான். நல்ல விசாலம்."

மச்சான் விவகாரத்தை நாகரிகம் கருதி லாய்ட் விழுங்கிவிட்டார். "புது சம்சாரம் கொஞ்சம் பருமனானவங்களாம், மேடம்" என்று மட்டும் சொன்னார்.

"மாசி பிறக்க முந்தி வாடி போட்டாகணும் தம்பி. இல்லாட்டி வலை இறக்கேலாது. இந்த வருசத் தொழிலே இல்லை. பிள்ளையள் பட்டினி."

மனைவி போன சூடு ஆறுவதற்குள் மாசிக்குள் இன்னொன்றா? லாய்டுக்கே இது அதிகமாகப் பட்டது. அந்த மனிதரின் மானத்தைக் காப்பாற்றும் பொருட்டு, "துக்கத்துல தொழிலுக்குப் போக மனசு வரலியாம். பிள்ளைங்க பாவமாம்" என்று முடித்தார். ஷில்பா அழுதுவிட்டாள்.

அந்தக் கரையில் வாடி என்றால் கடலோரத்துக் கொட்டகை. நாலு கம்பம் நட்டு ஓலை வேய்ந்து, வலையும் கயிறும் வைத்து, தொழில் நாட்களில் ஆட்களும் படுத்துக்கொள்வது. சென்னைப் பக்கத்து மரவாடிக்கு ஒன்றுவிட்ட தம்பி. தங்கவயலில் மரம் விற்கிற இடம் டிப்போ, கடல் கிடையாது, ஆகவே வாடிக்கு அங்கே வேலை இல்லை. கணபதிப்பிள்ளை கேட்டது மாசி பிறப்பதற்குள் கொட்டகை. போய்ச் சேர்ந்தது ஒப்பாரி.

காரியங்கள் மளமளவென்று நடந்தன. பலகைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் இறந்தால், பலகைகளில் நீந்திப் போய் நடுக்கடலில் வட்டமாக உட்கார்ந்து, பூவைத் தண்ணீரில் விட்டு அஞ்சலி செலுத்துவார்கள். புன்னைமுனை மனைவிமாருக்காக மங்களூர்க் கரையில் அப்படி ஒரு வட்டம் கூடியது. ஒரு மனைவிக்கு ஒரு மாலை, எண்ணிக்கை உறுதியில்லாததால் கூடவே இரண்டு. மாலைகள் மிதந்துபோன அதே நேரத்தில் அந்த மனைவிமார் புன்னைமுனையில் நனைந்த வலைகளை வெயிலில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பம், ஓலை என்று எதற்கும் ஏற்பாடு நடக்கவில்லை. தாயில்லாப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்டுவதென்றும், ஆண்களுக்கு ஆறுதல் சொல்ல ஒரு நிபுணரை அனுப்புவதென்றும் குழு முடிவு செய்தது.

ஆண்டர்சன்பேட்டையும் பின்தங்கவில்லை. லாய்டின் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லாததால், மனைவியை இழந்தவர்களுக்காக ஜெபித்தார்கள். கத்தோலிக்கர்களுக்கு அந்தத் தடை இல்லாததால் பூசையே வைத்தார்கள். ரயிலில் லாய்டுக்கு மரியாதை கூடியது. ஒடியாப் பையன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பியூலா மட்டும் கீரை ஆய்ந்துகொண்டே ஒருநாள் கேட்டாள். "இன்னாங்க, எனக்கு ஒண்ணு வெளங்கல. ஊர்ல கீற பொம்பளைங்களயெல்லாம் பொறுக்கி எடுத்துகினு போயி, ஆம்பளைங்கள அப்டியே வுட்டுட்டுப் போச்சே, அது இன்னா பொயலு?"

"கடலப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"உங்களுக்கு?"

லாய்ட் பேப்பரைத் திருப்பினார்.

"அந்தப் பெரியவரு இன்னா சொன்னாரு, அப்டியே சொல்லுங்க பாப்போம்."

"எங்க வாடி எல்லாம் போயிட்டுதுன்னாரு."

"வாடின்னா பொண்டாட்டின்னு அவரு சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?"

"பின்ன இன்னா?"

"இன்னான்னு அவரையே கேக்கறது. வாய் இன்னா தேஞ்சா பூடும்?"

"ஒரு தமிழ்க்காரன் இன்னொரு தமிழ்க்காரனாண்ட தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறதா? ஏழு பாஷை பேசிகினு?"

"ஆறுன்னு கொறைச்சுக்கங்க" என்றாள் பியூலா.

அன்றிலிருந்து லாய்டுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அடுத்த போனில் கணபதிப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு பெண் குரல், அவர் எதையோ எங்கோ வைத்துத் தொலைத்ததற்காக அவரை விளாசிக்கொண்டிருந்தது. அந்தத் தொனி லாய்டுக்கு நன்கு அறிமுகமானது. எந்தத் தங்கையும் எந்த அண்ணனையும் அப்படித் திட்டுவதில்லை. ஷில்பா கேட்டபோது, "தங்கச்சி மேடம்" என்றார். சொல்லிவிட்டு, டிரம்மிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தார். காலை ரயிலில் ஒரு புது ஆள், ஒயிட்ஃபீல்டு அடுத்ததா என்று கேட்டபோது, தூங்குகிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

தை மாதக் கடைசியில் ஷில்பாவே புன்னைமுனைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, வீடியோவில் கூப்பிட்டாள். லாய்ட் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பியூலா துணி அலசிக்கொண்டிருந்தாள். போனில் முதன்முறையாகக் கணபதிப்பிள்ளையைப் பார்த்தார், ஒல்லியான, நரைத்த மனிதர். அவருக்குப் பின்னால் வெறும் மணல். மணலில் குவியல் குவியலாக வலை, மேலே ஒரு கிழிந்த தார்ப்பாய்.

"அங்கிள்," ஷில்பா குரலைத் தாழ்த்தினாள், "இங்கே நிறையப் பெண்கள் இருக்காங்க. எல்லாரும் எனக்கு டீ கொடுக்கறாங்க. இந்த அம்மா யாருன்னு கேளுங்க."

திரையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தாள். கையில் தேநீர்க் கோப்பை.

"அம்மா, நீங்க யாரு?"

"நானோ? தவராணி. இவர்ட மனுசி."

பியூலா நிமிர்ந்தாள். "பொண்டாட்டின்றாங்க. செத்தவங்க டீ ஊத்திக் குடுக்கறாங்க பாருங்க."

லாய்ட் போனைப் பியூலா பக்கமிருந்து திருப்பிப் பிடித்தார்.

"தம்பி," என்றாள் தவராணி, "இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. எங்கேயோ கிடந்து எங்களுக்காக வந்திருக்கு. ஆனா தாயில்லாப் பிள்ளையளுக்கு வீடு எண்டு படம் காட்டுது. எந்தப் பிள்ளைக்குத் தாயில்லை? எங்களுக்கு வாடி வருமோ, வராதோ? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. மாசி கிட்ட வந்திட்டுது. வலை மழையில கிடந்து உக்குது."

"என்ன சொல்றாங்க அங்கிள்?" ஷில்பா அவசரப்பட்டாள். "லாரிக்காரர் நிக்கிறார். செங்கல், சிமெண்ட்னு இப்போ சொன்னாத்தான் சாயங்காலம் கொண்டு வருவார். திங்கட்கிழமையிலிருந்து பாலத்தை மூடறாங்களாம், அப்புறம் சாமான் எதுவும் உள்ளே வராது. இந்த ஒரு லாரிதான். சொல்லிடலாமா?"

லாய்டின் வாய் பல வருடப் பயிற்சி பெற்ற வாய். அது மூன்று பதில்களை அந்த நொடியிலேயே தயார் செய்து கொடுத்தது. நன்றி சொல்கிறார்கள் மேடம் என்பது ஒன்று. லைன் சரியில்லை என்பது ஒன்று. இது இரண்டாவது கல்யாணம், கல்ச்சர் என்பது ஒன்று. மூன்றும் நல்ல பதில்கள். எதைச் சொன்னாலும் லாரி செங்கல் ஏற்றக் கிளம்பிவிடும், ஷில்பா ஊர் திரும்பிவிடுவாள், திங்கட்கிழமை காலை ஜன்னலோர இருக்கை பத்திரமாக இருக்கும்.

தவராணி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் கணபதிப்பிள்ளை குனிந்து, தார்ப்பாயின் ஓரத்தில் காற்றுக்கு ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

"அங்கிள்? கேக்குதா?"

"கேக்குது மேடம். ஒரு நிமிஷம். லாரிக்காரர நிக்கச் சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். ஏழு பாஷைக்கும் பழகிய குரல், தமிழிலேயே கொஞ்சம் தடுமாறியது.

"அம்மா… வாடின்னா இன்னாங்கம்மா? எனக்குத் தெரியாது."

அலசிக்கொண்டிருந்த துணி பியூலா கையில் நின்றது.

தவராணி சிரிக்கவில்லை. "நீங்க கடற்கரை ஆளில்லையோ தம்பி?"

"இல்லீங்கம்மா. நான் கடலே பாத்ததில்ல."

"அதுதானே. அப்ப எப்பிடித் தெரியும்? இஞ்ச பாருங்கோ." ஷில்பா கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு அவள் நடந்தாள். படம் ஆடியது, மணல் வந்தது, மணலில் நாலு குழி வந்தது. "இதிலதான் எங்கட வாடி நிண்டது. வலை வைக்கிற கொட்டில். மரம் நட்டு, மேல கிடுகு வேய்ஞ்சு கட்டுறது. அது இல்லாம வலையை எங்க வைக்க? ஆக்கள் எங்க படுக்க?"

லாய்ட் ஷில்பாவைக் கூப்பிட்டார். "மேடம், வாடின்னா கொட்டாய். வலை வைக்கிற கொட்டாய். மனைவி இல்ல. மனைவிங்க எல்லாரும் நல்லாருக்காங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன். செங்கல் வேணாம். மரம் ஏத்தச் சொல்லுங்க."

மறுமுனையில் ஷில்பா என்ன சொன்னாள் என்பது காற்றில் போய்விட்டது. கொஞ்சம் தள்ளி அவள் லாரிக்காரரை நோக்கிக் கைதட்டிக்கொண்டே ஓடுவது மட்டும் தெரிந்தது. பியூலா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்டூலுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தாள்.

லாய்ட் போனை முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நடுவுல இன்னொண்ணு சொன்னீங்களே, கிடுகு. அது இன்னாங்கம்மா?"